இரும்பில் மூன்று பொட்டு

நைனா,

காலையில் கல்லூரி ஆயுத அறையைத் திறந்ததும் லின்சீட் எண்ணெய் வாசம். ஒரு கணம் நீ உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். நேற்று நானே துப்பாக்கி மரத்தில் பூசிய எண்ணெய்தான் அது. நீ கண்ணை மூடியபின் வந்திருக்கும் முதல் ஆயுத பூஜை இன்று.

நம் கிழவி தாங்கியில் நிற்கிறாள். உலகப்போர் காலத்து த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிக்கு நீ வைத்த பெயர். மாணவர் படை அணிவகுப்புக்காகச் சுடும் ஊசி கழற்றப்பட்டவள். ராணுவத்திலிருந்து ஆயுத அறை வேலைக்கு வந்த உனக்கு அவளுடைய இரும்பு, கல்லூரித் தச்சனான எனக்கு மரம் என்று கூட்டாளிகள் இருவரும் பங்கு பிரித்துக்கொண்டோம். ராயபுரத்து உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். அதனால் யார் உள்ளே வந்தாலும், "கை தொடச்சியா?" என்றுதான் முதலில் கேட்பாய்.

அப்படிப்பட்ட நீயே ஒரு வருஷ ஆயுத பூஜையில் மூன்று விரலைச் சந்தனத்தில் தோய்த்து அவள் இரும்பின் மேல் வைத்தாய். "எல்லா மெஷினும் பொட்டு வச்சிகினு கீது. இவ மட்டும் இன்னா பாவம் பண்ணா, பாய்?" என்றாய். பொட்டைத் துடைப்பதற்குள் பெருமழை. மாத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டாய். திரும்பி வந்து பார்த்தால் பொட்டு வைத்த இடமெல்லாம் துரு. பழைய துப்பாக்கிகளைச் சோதித்துக் கழிக்க அதிகாரி வருகிறார் என்ற செய்தியும் அப்போதுதான் வந்தது. கழித்துவிட்டால் அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். உனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளைப் பிரித்துப் போட்டோம். நீ மண்ணெண்ணெயும் கம்பிப் பஞ்சுமாகத் துருவை எடுத்தாய். நான் மரத்தில் அப்பியிருந்த கறுப்பு வார்னிஷைச் சுரண்டினேன். அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஒட்டு. எந்த ஊர்த் தச்சனோ, உடைந்த இடத்தில் வேறொரு துண்டை ரேகையோடு ரேகை சேர்த்துப் பதித்திருந்தான். நகத்துக்குக்கூட இணைப்பு தட்டவில்லை. "சுப்ஹானல்லாஹ்" என்று என்னையறியாமல் சொன்னேன். நீ குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து, "இத்த பாரு பாய்" என்றாய். உள்ளே செதுக்கிய திருகு வரிகளில் ஒளி சுருள் சுருளாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஆளைக் கொல்லும் சாமானுக்குள் இத்தனை அழகா என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

துரு போனாலும் மூன்று சின்னப் பள்ளங்கள் நின்றுவிட்டன. தேய்த்தே எடுத்துவிடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாய். "வுடு நைனா, தேச்சா பள்ளந்தான் பெருசாவும்" என்று உன் கையிலிருந்து பிடுங்கி வைத்தேன்.

அதிகாரி வந்தார். பள்ளங்களைத் தடவி, "இது என்ன?" என்றார்.

"என் கைதான் சார். சாமி கும்ட்டேன்."

அவர் குழலுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு, கழிக்காமல் உன்னிடமே அவளை நீட்டி, "இனிமே சந்தனத்த மரத்துல வைங்க" என்றார். அவர் படி இறங்கும்வரை விறைப்பாக நின்றுவிட்டு, பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழுதாய்.

இன்று மாணவிகள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்கள். "மரத்துல வைங்கம்மா" என்றேன். கை துடைக்கும் உன் பழக்கமும் என்னோடு ஒட்டிக்கொண்டது. வீட்டில் குர்ஆனை எடுக்கும் முன்னும் இரண்டு தடவை கையைத் துடைக்கிறேன்.

அவர்கள் போனபின் கையைத் துடைத்துவிட்டு, அந்தப் பள்ளங்களில் என் மூன்று விரலையும் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு விரித்தும் எட்டவில்லை. உன் கை இத்தனை பெரிதென்று நீ இருந்தபோது நான் பார்த்ததே இல்லை, நைனா.