யார் பெயரும் இல்லாத அறிக்கை

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீ நலமாக இருப்பது உன் அறிக்கையைப் பார்த்தாலே தெரிகிறது. கை நடுங்குகிறவனால் இவ்வளவு தெளிவாக எழுத முடியாது.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. இப்போது கவலை இடுப்பைப் பற்றியது இல்லை. ஈரத் தரையில் இரவு முழுக்கக் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, இரண்டு பக்கமும் பரவிவிட்டது. மருந்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். நேற்று டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வர வேண்டியவங்க யாராச்சும் இருந்தா சொல்லிவிட்டுடுங்க" என்றார்.

போனில் நீ விசாரித்தபோது "சமாளிக்கிறார்" என்றுதான் சொன்னேன். கட்டிலில் இருந்தபடியே அப்பா கையை ஆட்டி அப்படிச் சொல்லச் சொன்னார். அவனுக்கு வேலை இருக்கும், வீணாக அலைய வைக்காதே என்கிறார். அவர் காதுபட வேறெதுவும் பேச முடியவில்லை. வெளியே வந்து பேசினாலோ நீ உடனே கண்காணிப்புக் கருவியின் பாட்டரியைப் பற்றிக் கேட்கிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அறிக்கை போன வாரம் மின்னஞ்சலில் வந்தது. 'வீட்டுக் கண்காணிப்பு அமைப்பில் ஏற்பட்ட தவறு: ஆய்வும் பரிந்துரைகளும்.' நானும் இதே தொழிலில் காலம் தள்ளுகிறவள். பல ஊர்களில் கிடக்கும் கணினிகளை ஒன்றாகக் கோத்து, எது விழுந்தாலும் மற்றவை தாங்கிப் பிடிக்கும்படி செய்துவைப்பதற்குத்தான் எனக்கும் சம்பளம். ஏதாவது பெரிதாக நின்றுபோனால், மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து இப்படித்தான் ஓர் அறிக்கை எழுதுவோம். யார் பெயரும் வராது, யாரையும் குற்றம் சொல்ல மாட்டோம். பெயரைப் போட்டால் அடுத்த முறை எல்லோரும் உண்மையை மறைப்பார்கள். அந்த வழக்கம் சரியானது என்று அலுவலகத்தில் நானே பலரிடம் வாதாடியிருக்கிறேன். இன்றும் அது சரி என்றுதான் நினைக்கிறேன், அலுவலகத்தில்.

நீ எழுதியதில் பொய் என்று ஒரு வரி இல்லை. கூடத்தில் நடமாட்டத்தைப் பார்க்கும் கருவி ஒன்று, குளியலறைக் குழாயில் ஒன்று, அப்பாவின் போன் ஒன்று. மூன்றில் இரண்டு 'நலம்' என்றால் நம் இருவர் போனிலும் பச்சை விளக்கு. அன்று மாலை அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். திறந்த குழாயை மூட அவரால் எழ முடியவில்லை. தண்ணீர் ஓடுகிறது, ஆள் புழங்குகிறார், நலம் என்றது குழாய்க் கருவி. கட்டில் மேல் கிடந்த போன் தானாகவே நலம் என்றது. கூடத்துக் கருவி மட்டும் யாரும் நடமாடவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்றில் ஒன்று மாறுபட்டால் அந்த ஒன்றைப் பழுது என்று கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அதன்படியே அதை ஒதுக்கிவிட்டு, பாட்டரியைப் பார்க்கவும் என்று உனக்கு ஒரு குறிப்பு வந்தது. நீயும் பொறுப்பாக பாட்டரிக்கு ஆர்டர் போட்டாய். நான் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தேன். பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுத் தூங்கினேன்.

பிழையைத் தாங்கும்படிதான் அதைச் செய்திருந்தோம். அது ஓர் இரவு முழுக்கத் தாங்கியது.

அவரைக் கண்டுபிடித்தது யார் என்பது உன் அறிக்கையில் 'வெளி நபர் ஒருவர்' என்று இருக்கிறது. கீழ்த்தளத்துத் தையல்காரர்தான். காலையில் கடை திறந்தவர், விட்டத்திலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு கல்யாணத் துணி மேல் விழுந்திருப்பதைப் பார்த்து, கத்திக்கொண்டே மாடி ஏறியிருக்கிறார். "நான் சண்டை போடத்தாம்மா போனேன். பெரியவரு கதவத் தொறக்கட்டும், நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுடலாம்னு" என்று சொல்லிவிட்டு அழுதார். நம் இரண்டு பேர் படிப்பையும்விட அந்த மனுஷனின் கோபம் அப்பாவுக்கு உதவியிருக்கிறது. துணி பாழானதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

நீ அனுப்பிய பாட்டரி மறுநாள் வீட்டு வாசலில் வந்து கிடந்தது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அறிக்கையை நான் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா விழித்துக்கொண்டார். அன்று காய்ச்சல் குறைந்திருந்தது. என்ன படிக்கிறே என்றார். சொன்னேன். ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவர், கையில் கொடு என்றால் கொடுக்காமல் இருக்க முடியுமா? எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். நெஞ்சு மேல் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க முழுவதையும் படித்தார். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்கான். ஒரு ஒற்றுகூட விடல. ஆமா, யாரு இந்தப் பயனர்?" என்றார்.

நீங்கதாம்ப்பா என்றேன்.

கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை நகர்த்திப் பார்த்தார். பிறகு, "அந்தாளு பொழச்சானா இல்லையான்னு கடைசி வரைக்கும் எழுதலியே" என்றார். சிரிக்கப் போய் இருமல் வந்து, நர்ஸ் ஓடி வந்து, எனக்குத்தான் திட்டு விழுந்தது.

தம்பி, இனி எழுதப்போவதுதான் நான் எழுத வந்தது. உன் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. 'தேவையற்ற அலாரங்கள் அடிக்கடி வந்ததால், போனின் நலச் செய்தி தானாகச் செல்லும்படி மாற்றப்பட்டது.' மாற்றப்பட்டது என்கிறாய். யார் மாற்றியது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முன்பு அவர் தினமும் காலையில் எழுந்ததும், இரவில் படுக்கும் முன்பும் போனில் அந்தப் பொத்தானைத் தன் விரலால் அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால், மற்ற இரண்டும் நலம் என்றாலும், அலாரம் உனக்குத்தான் முதலில் போகும். நீ மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து கூப்பிடுவாய். அவர், "உயிரோடதான்டா இருக்கேன், பல்லு வெளக்கிட்டிருக்கேன்" என்பார். உனக்குச் சலிப்பாக இருந்தது. சலிப்பாக இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை.

அந்த வரியைத்தான் அப்பா விரலால் தொட்டுக் காட்டினார். "தேவையற்றதுன்னு எழுதியிருக்கான். எனக்குத் தேவையா இருந்துச்சே" என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை. மறந்துபோனால் என்னப்பா செய்வது என்று ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவளும் இவ்வளவுதானா என்று இருந்தது. "மறக்கறதுக்கு நான் என்ன கிழவனா? அமுக்காம விட்டா அவன் கூப்பிடுவான். குரலைக் கேட்டுட்டு வச்சிடுவேன். வாரத்துல ஒரு நாள். அதுக்கு மேல தொந்தரவு பண்ணக் கூடாது பாரு" என்றார். நீ மாற்றி அமைத்த பிறகு அவர் அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் எந்த அலாரமும் வரவில்லை. கொஞ்ச நாள் அமுக்காமல் இருந்து பார்த்தாராம். அப்புறம் விட்டுவிட்டாராம்.

இது உன் அறிக்கையில் இல்லை. இருக்கவும் முடியாது. தவறிய கருவி எது என்று நீ தேடினாய். எந்தக் கருவியும் தவறவில்லை.

கடைசிப் பக்கத்தில் உன் பரிந்துரைகளையும் படித்தேன். மூன்றுக்குப் பதில் ஐந்து கருவிகள். கட்டிலுக்கடியில் ஒன்று, கையில் கட்டிக்கொள்ள ஒன்று. செலவு முழுவதும் உன்னுடையது என்கிறாய். நல்ல மனசுதான். ஐந்து பேர் கூடி அவரைக் கவனித்துக்கொள்வார்கள், அதில் ஒருவர்கூட நாமில்லை. நான் பொருத்தப் போவதில்லை. யாருக்குப் பொருத்துவது என்று உன்னைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

நேற்றிலிருந்து அவருக்கு நினைவு அவ்வப்போது தடுமாறுகிறது. வார்டில் ஓர் உதவியாளர் இருக்கிறார். உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே முன்வழுக்கை. படுக்கை விரிப்பை மாற்ற வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா, "சின்னவனே, எப்படா வந்தே?" என்றார். அந்த உதவியாளர் என்னைப் பார்த்தார். அவராகவே, "இப்பத்தாம்ப்பா" என்றார். சாப்டியா என்றார் அப்பா. ஆச்சுப்பா என்றார். மீட்டிங் இல்லையாடா என்றதற்கு, "இன்னிக்கு லீவு போட்டுட்டேம்ப்பா" என்றார் அந்தப் புண்ணியவான். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

ஒரு சர்வர் கணினி பதில் சொல்லாமல் போனால், இன்னொன்று அதன் இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். கேட்கிறவருக்கு ஆள் மாறியதே தெரியக் கூடாது. நம் தொழிலில் இதைத்தான் வெற்றி என்கிறோம். அப்பாவுக்குத் தெரியவில்லை, தம்பி. ஒரு தடங்கலும் இல்லாமல் நடக்கிறது. நீ வராவிட்டாலும் இது இப்படியே கடைசி வரை நடந்துவிடும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வா. உன்னைப் பார்த்து நீ யாரென்று கேட்டாலும் கேட்பார். கேட்கட்டும், நின்று பதில் சொல். கதவைத் திறந்ததும் உன்னைத் திட்ட மாட்டேன். இந்தக் கடிதத்தோடு என் திட்டு தீர்ந்தது.

பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று இப்போதே எழுதிவிடுகிறேன். நீ புறப்பட்டுவிட்டாய் என்று எண்ணிக்கொண்டால்தான் என்னால் இதை முடிக்க முடிகிறது.

உன்
அக்கா