கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவர்

7 அக்டோபர் 1937, வியாழன்

காலையிலிருந்து தூறல். குடைக்கடைக்காரர் வீட்டில் மழை வந்தால் எல்லோருக்கும் சிரித்த முகம் இருக்க வேண்டும். இவர் சுபுஹு தொழுதுவிட்டு வானத்தைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், இன்னைக்குக் கடையில கூட்டம்தான்" என்றார். மகன் தாஜு அதே வானத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். மைதானம் சேறாகிவிடுமே என்பது அவன் கவலை.

அப்படி ஒரு கவலை அவனுக்கு இருப்பதே இவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் ஜூலையிலிருந்து நான் பாடுபட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் தாஜு பந்தாடிவிட்டு இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவான். மஃரிபுத் தொழுகை தவறிப்போகும். இவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம், "இனிமே பந்து கிடையாது" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார். இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் அவனைக் கோல்கீப்பராகப் பொறுக்கியிருக்கிறார்கள். பதினாலு வயசு, என்னைவிட உயரம், சின்னப் பிள்ளை மாதிரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மஃரிபுக்கு முன்னாடி வந்துடறேம்மா, சத்தியமா" என்றான். இவரிடம் நான் சொன்னது: "கணக்குல கொஞ்சம் மட்டமா இருக்கானாம். சாயங்காலம் ஸ்கூல்லயே தனியாச் சொல்லித் தர்றாங்களாம்."

கணக்கு! இன்றைக்கு முழங்கால் இரண்டும் சிராய்த்துக்கொண்டு வந்திருக்கிறான். கணக்குப் போட்டால் முழங்கால் தேயுமா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை ஒருநாள்கூட மஃரிபுக்குத் தவறவில்லை. ஓடி வருகிறான், மூச்சிரைக்க.

12 அக்டோபர்

சட்டையின் தோள் கிழிந்ததற்கு இன்று நான் சொன்னது, பள்ளிக்கூடத்துப் பெஞ்சியில் ஆணி. சின்னவள் வஹீதா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வயசு. எல்லாம் தெரியும் அவளுக்கு. என்னைப் பார்த்துச் சிரித்தாள் — அதுதான் சுருக்கென்றது.

20 அக்டோபர், புதன்

இன்று தாஜுவுக்குப் பந்தாடச் சொல்லித்தரும் டிரில் மாஸ்டர் நல்லதம்பி குடை வாங்க நம் கடைக்கே வந்திருக்கிறார்! பெரிய கடைவீதியில் வேறு கடையே இல்லையா அந்த மனுஷருக்கு?

இவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னார்: "தாஜு ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் வந்தாரு. எம் பையன் கணக்குல எப்படின்னு கேட்டேன். கணக்கு எனக்குத் தெரியாதுங்க, கையில ரொம்பக் கெட்டிங்கறாரு. அது என்ன ஜீனத், கையில கெட்டி?"

"கையெழுத்தா இருக்கும்" என்றேன்.

உள்ளே போய்ச் சிரிப்பை முந்தானையில் அடைத்துக்கொண்டேன். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. எத்தனை சுலபமாக வருகிறது எனக்கு, பொய்!

5 நவம்பர், வெள்ளி

நேற்று மேகம். இன்று பிறை தெரிந்துவிட்டது. வஹீதாதான் மாடியிலிருந்து முதலில் கத்தினாள். நாளை முதல் நோன்பு.

தாஜு இந்த வருஷம் முப்பதும் பிடிப்பேன் என்கிறான். "பந்தாடற அன்னைக்கு?" என்று கேட்டேன். "அன்னைக்கும்தாம்மா." பள்ளிக்கூடங்களுக்குள் நடக்கும் கோப்பைப் பந்தயத்தின் கடைசி ஆட்டம் நோன்பில்தான் வருகிறது, பத்தொன்பதாம் தேதி, ஸ்ரீரங்கத்தில், ஸ்ரீரங்கத்துப் பையன்களோடு.

அவன் நோன்பு சரி. என் நோன்பு? வாயைக் கட்டிவிட்டு அதே வாயால் "கணக்குப் படிக்கப் போயிருக்கான்" என்று சொல்வதா? பசித்திருப்பது மட்டுமா நோன்பு? இரண்டு நாளாக இதேதான் மனசில். சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவன் ஆட்டம் போகும். சொல்லாவிட்டால் —

7 நவம்பர், ஞாயிறு

சொல்லிட்டேன்.

அசர் தொழுதுட்டு உட்கார்ந்திருந்தார். முன்னாடி போய் நின்னு எல்லாத்தையும் ஒரே மூச்சில கொட்டிட்டேன். கணக்கு, ஆணி, கையெழுத்து, எல்லாம். "பையன் மேல கோவப்படாதீங்க, பொய் சொன்னவ நான்" என்றேன். திட்டியிருந்தால் தேவலை.  என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நாலு மாசமா, ஜீனத்?"

அவ்வளவுதான். தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

தாஜு சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தான். "ஏம்மா சொன்னீங்க?" என்று அழுதான். எல்லோரையும் நோகடித்துவிட்டு நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தேன்.

9 நவம்பர்

பேச்சு இல்லை. கஞ்சியில் உப்பே போடவில்லையாம். அதையும் வஹீதாவிடம் சொல்லி அனுப்புகிறார்.

11 நவம்பர், வியாழன்

நோன்பு திறந்து, மஃரிபு தொழுதுவிட்டு வந்து தாஜுவைக் கூப்பிட்டார். நானும் கதவோரம் போய் நின்றேன்.

"ஜூலையிலேருந்து எத்தனை மஃரிபு தவறுச்சு?"

"ஒண்ணுகூட இல்லை அத்தா."

"பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினாரையே கேட்டுட்டேன். அவரும் அதான் சொன்னாரு." தாடியைத் தடவிக்கொண்டார். "ஆடு. ஆனா நோன்பை விடக்கூடாது. ஒளிஞ்சு ஒரு வாய் தண்ணி குடிச்சேன்னு தெரிஞ்சுது, அதோட சரி. நானே வந்து பார்ப்பேன்."

 எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! "நானும் வரட்டுமா?" என்றேன்.

"பந்தாட்டத்துக்கா? பொம்பளைங்க எங்க நிக்கிறது அங்க?"

"நிக்க வேண்டாங்க. ஜட்காவுல படுதாவைப் போட்டுக்கிட்டு உள்ளேயே உட்கார்ந்துக்கறேன். எம் பிள்ளை ஆடி நான் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத ஆட்டத்துக்குத்தான் இத்தனை பொய்யும் சொன்னேன்."

இவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. நாலு நாளுக்குப் பிறகு! "வண்டிக்காரன் பிச்சைகிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றார்.

19 நவம்பர், வெள்ளி

கொட்டு கொட்டென்று மழை. ஆட்டம் அடுத்த வியாழனுக்குத் தள்ளிப்போய்விட்டது. கடையில் இருந்த பெரிய குடைகள் அத்தனையும் விற்றுப்போய்விட்டனவாம். ஆனாலும் வீட்டுக்கு வந்து தாஜு முகத்தைப் பார்த்ததும், "சே, பாழாப்போன மழை" என்றார். குடைக்கடைக்காரர்! என் காதால் கேட்டேன்.

26 நவம்பர், வெள்ளி காலை

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். பிச்சை இரண்டு பக்கமும் படுதாவை இழுத்துக் கட்டிவிட்டான். உள்ளே நானும் வஹீதாவும், முன்னால் பிச்சைக்குப் பக்கத்தில் இவர், மடியில் தண்ணீர்க் கூஜா, சட்டைப் பையில் பேரீச்சம்பழப் பொட்டலம். பாலத்தில் போகும்போது படுதா இடுக்கு வழியாகக் காவிரியைப் பார்த்தேன். செந்தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தின்மேல் கருமேகம்.

நாலரைக்கு ஆரம்பிக்க வேண்டிய ஆட்டம், தூறல் விட்டு ஐந்து மணிக்குத்தான் ஆரம்பித்தது. பிச்சை வண்டியை மைதானத்து ஓரமாக, தாஜு நின்ற கோலுக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினான். இடுக்கு வழியாகப் பாதி மைதானம்தான் தெரியும். மீதியைப் பிச்சை வெளியே நின்று சொல்லிக்கொண்டே வந்தான்: "அம்மா, பந்து அந்தாண்ட போச்சு... நம்ம பசங்க கோல் போட்டுட்டாங்கம்மா!" கொஞ்ச நேரத்தில் அவர்களும் ஒன்று போட்டுவிட்டார்கள். இடைவேளைக்கு மற்றப் பையன்கள் பானையைச் சுற்றி நின்று தண்ணீர் குடித்தார்கள். தாஜு கம்பத்தில் சாய்ந்து தனியாக நின்றான், ஈர மண்ணில் வெறுங்காலோடு. நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டான். என் தொண்டையும் காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் அவனைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

இடைவேளையில் கோல் மாற வேண்டுமாம். பிச்சையும் வண்டியை அந்தப் பக்கம் ஓட்டினான். பிறகு பாருங்கள், என் பிள்ளையை! பந்து எங்கே வருமென்று அவனுக்கு முன்கூட்டியே தெரிகிறது. ஒரு தரம் பூனை மாதிரி குறுக்கே பாய்ந்து பிடித்தான். கூட்டம் "ஓ" என்றது. நானும் கத்திவிட்டேன், படுதாவுக்குள்ளிருந்து! கையில் கெட்டி என்று அந்த மாஸ்டர் சும்மா சொல்லவில்லை.

இவர் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கையில் பாக்கெட் கடிகாரம். பாங்குச் சத்தம் அங்கே கேட்காது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் நோன்பு திறக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது ஆட்டம். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. பார்க்கிறேன், இவர் கடிகாரத்தை மூடுகிறார், பொட்டலத்தைப் பிரிக்கிறார், ஒரு பழத்தைத் தன் வாயில் போட்டுக்கொள்கிறார், இன்னொன்றை நீட்டிக்கொண்டு கம்பத்துக்கே வந்துவிட்டார்.

"தாஜு! நேரமாயிடுச்சு! நோன்பைத் திற!"

அத்தா கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பானா? திரும்பினான். பழத்துக்குக் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்து ஸ்ரீரங்கத்துக் குடுமிப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். பந்து தாஜுவின் முதுகுக்குப் பின்னால் சாவகாசமாக உள்ளே போய், இவர் காலில் வந்து முட்டி நின்றது.

யா அல்லாஹ்! இவர் நின்ற நிலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு கையில் கூஜா, ஒரு கையில் பழம், காலடியில் பந்து.

இரண்டுக்கு ஒன்று. தோற்றோம். விசில் ஊதியதும் அந்தக் குடுமிப் பையன் இவரிடம் ஓடி வந்து கை கூப்பினான்: "மாமா, கோப்பையை உங்களுக்குத்தான் குடுக்கணும்!" சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. டிரில் மாஸ்டர் மைதானத்து ஓரத்தில் ஒரு ஜமுக்காளத்தை விரித்துக் கொடுத்தார். அத்தாவும் பிள்ளையும் அதில் நின்று மஃரிபு தொழுதார்கள். நான் வண்டிக்குள் உட்கார்ந்தே தொழுதேன்.

திரும்பும்போது தாஜுவும் எங்களோடு வண்டிக்குள் ஏறிக்கொண்டான். பாலத்தில் ஏறும்போது முன்னாலிருந்து இவர் குரல் வந்தது, திரும்பாமலே: "என்னாலதாண்டா தோத்தீங்க."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

"இல்லை அத்தா. கோல்கீப்பர் திரும்பக் கூடாது. நான்தான் திரும்பிட்டேன்."

"நான் கூப்பிட்டதாலதானே திரும்பினே?"

தாஜு யோசித்தான். "ஆமா" என்றான். அப்புறம், "ஆனா அத்தா, அந்தப் பழம் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றான்.

முதலில் பிச்சைதான் சிரித்தான். அப்புறம் வண்டியே குலுங்கியது. இவர் தோளும் குலுங்குவதைப் படுதா இடுக்கில் பார்த்தேன்.

5 டிசம்பர், ஞாயிறு

பெருநாள். தாஜு இருபத்தொன்பது நோன்பையும் பிடித்துவிட்டான். டிரில் மாஸ்டர் நல்லதம்பி, நம் கடைக் குடையைப் பிடித்துக்கொண்டு, வாழ்த்துச் சொல்ல வந்தார். சேமியாப் பாயசம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். இவர் அவரிடம் கேட்டது: "மாஸ்டர், அந்த மாட்ச்சைத் திரும்ப ஆட முடியாதுங்களா? தப்பு வெளி ஆளோடதுதானே?"

"விதியில அதுக்கு இடமில்லீங்க ராவுத்தரே."

"அந்த விதியெல்லாம் புஸ்தகமா இருக்குங்களா?"

நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று போயிருக்கிறார்.

16 ஜனவரி 1938, ஞாயிறு

பக்கத்து அத்தர்க் கடை பரக்கத் அலி வந்திருந்தார். இவர் முன்கூடத்தில் டீக் கிளாஸ்களை ஆட்களாக நிறுத்திவைத்து அவருக்கு ஆப்சைடு என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் விதிப் புஸ்தகத்தைக் கொண்டுவந்து தந்ததிலிருந்து, ஒரு மாசமாக வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் இதே பாடம். "பந்துக்கு முன்னாடி நம்ம ஆளு நின்னா ஆப்சைடு. அவ்வளவுதான் விஷயம்" என்றார்.

திரைக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாள்தான் பொறுப்பது? "அது மட்டும் இல்லைங்க" என்றேன். "பந்தை நம்ம ஆளுங்க அடிக்கிற நேரத்துல, அவனுக்கும் கோலுக்கும் நடுவுல எதிராளி ரெண்டு பேராவது இருக்கணும். இல்லேன்னாத்தான் ஆப்சைடு."

முன்கூடத்தில் ஒரு கிளாஸ் நகரும் ஓசை. இன்னொன்று. பிறகு இவர் சொன்னார்: "ஆமா. ரெண்டு பேர்."

பரக்கத் அலி சிரித்துவிட்டார். "தங்கச்சிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியும்" என்றார் இவர். "வர்ற வியாழன் கோட்டை மைதானத்துல மாட்ச் இருக்கு பாய். உங்க வீட்டுலயும் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் ஒரே வண்டியில போயிடலாம்."

வியாழன் என்றால் இன்னும் நாலு நாள். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு நெட்டைப் பையன் இருக்கிறான், போன வாரம் ஜட்காவிலிருந்து பார்த்தேன். வலது பக்கம் வருவது போல வந்து இடது காலால் அடிக்கிறான். காலையில் தாஜுவிடம் சொல்ல வேண்டும்.