அம்மன் லோரிக்குக் காற்றாடி பூட்டிய வாரம்

7/4, திங்கள்

காலையிலேயே வெயில். கோழி இட்ட முட்டை தரையைத் தொடுவதற்குள் அவிந்துவிடும்.

கோயில் தலைவர் பக்கிரிசாமி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே பேசினார். "வேலு, போன வருஷம் மாதிரி அம்மாவ நடு ரோட்டுல நிப்பாட்டுனா, அடுத்த வருஷம் ரவாங்லேர்ந்து வேற லோரிதான். சொல்லிட்டேன்."

போன வருடக் கதை ஈரேழு உலகமும் அறிந்தது. ஊர்வலமோ நத்தை நடை. இன்ஜின் வேகத்துக்குத்தான் ரேடியேட்டருக்கு விசிறும் பழைய காற்றாடி சுற்றும். லோரி ஊர்ந்தால் அதுவும் கொட்டாவி விடும். கடைத்தெருவில் ரேடியேட்டர் கொதித்து நீராவி கிளம்ப, அம்மன் இறங்கிவிட்டாள் என்று பாதிச் சனம் சாமியாடியது. மீதிச் சனம் லோரியைத் தள்ளியது.

வருடம் முழுக்கச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி, அந்த ஒரு நாள் தேர். அந்த ஒரு நாள்தான் என்னைத் தன் புருஷன் என்று சரோஜா நாலு பேரிடம் ஒப்புக்கொள்கிறாள். ரவாங் லோரியாம்! நடக்காது.

முடிவு: மின்சாரக் காற்றாடி. இன்ஜின் தூங்கினாலும் தன்பாட்டில் சுற்றும். திருவிழா வரும் ஞாயிறு.

8/4, செவ்வாய்

மழை. பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் போனேன். பழைய காடி, லோரிகளை உடைத்து விற்கும் கடை. கடை முதலாளி தவுக்கே முதலில் காட்டிய காற்றாடி சோற்றுத் தட்டு அளவு. அடுத்தது ஹெலிகாப்டரிலிருந்து பிடுங்கியது போல. ஹெலிகாப்டரையே எடுத்தேன்.

கூடவே ரிலே, பியூஸ், தடித்த வயர், சூடேறினால் தானே தட்டிக்கொள்ளும் சுவிட்ச். சரோஜா சொல்லிவிட்ட கொத்தமல்லி மட்டும் மறதி. அதற்கு வீட்டில் தனி அர்ச்சனை.

9/4, புதன்

சரோஜாவின் தம்பி குணா உதவிக்கு வந்தான். போனில் வீடியோ பார்த்தே சகல கலைகளும் கற்ற மேதை. ராக்கெட்டும் விடுவான், பக்கத்தில் யாரும் நிற்காவிட்டால்.

பழைய காற்றாடியைக் கழற்றவே மதியம். ஒரு போல்ட்டு சோழர் காலத்தில் முடுக்கியது. ரேடியேட்டருக்குப் பின்னால் புதியதற்கு இடமில்லை. முன்னால் வைத்தோம். மோட்டார் முட்டியது.

"திருப்பிப் போட்டா முடிஞ்சிச்சு லா மச்சான்."

திருப்பிப் போட்டோம். பேட்டரி, பியூஸ், ரிலே, காற்றாடி என்று வயர் இழுத்தோம். முதல் முறை பியூஸ் போனது. இரண்டாம் முறை ஹார்ன் அலறியது, யாரும் தொடாமலே. மூன்றாம் முறை சுற்றியது!

லோரி முன்னால் நின்றால் சட்டை பறக்கிறது. புயல்! தெருவையே கூப்பிட்டு நிறுத்திக் காட்டினேன்.

10/4, வியாழன்

புழுக்கம். லோரியின் முன்னால் கொடி கட்டி, சரோஜா துணி காயப் போட்டிருக்கிறாள். "காத்து சும்மாதானங்க போவுது."

துண்டு காய்ந்தது. டீசல் வாடை. முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "காத்து இந்தப் பக்கமா வந்தா, ரேடியேட்டருக்கு யாரு விசிறுறது?"

குணா என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

காற்றாடியைத் திருப்பினோம், காற்றும் திரும்பிவிட்டது. உள்ளே போக வேண்டியது வெளியே வருகிறது. இன்ஜின் சூட்டைத் தெருவுக்கு ஊதிக் காட்டித்தான் நேற்று அத்தனை பெருமை.

"ரெண்டு வயரயும் மாத்திக் குடுத்தா சுத்து மாறிடும் மச்சான்."

"அத நேத்தே சொல்றதுக்கென்னடா?"

"நேத்து நீங்க பேசி முடிச்சாதானே நான் பேசுறது?"

வயரை மாற்றினான். வளைவு காற்றைச் சரியாகப் பிடிக்க, இறக்கையையும் கழற்றித் திருப்பினான். கிரில் முன்னால் செய்தித்தாளைப் பிடித்தோம். அட்டை போல் ஒட்டிக்கொண்டது. சரோஜாவுக்கு நன்றி சொல்லவில்லை. சொன்னால் ஏழு பிறவிக்கும் சொல்லிக்காட்டுவாள்.

12/4, சனி

மேகமூட்டம். சோதனை ஓட்டம். குணா முன்னால் நடக்க, பின்னால் லோரி. நாய்கள் எங்களை முந்திப் போயின. சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை. வென்றேன்.

14/4, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. உடம்பெல்லாம் வலி, முக்கியமாகச் சிரித்த இடம்.

நேற்று மாலை அம்மன் லோரியில் ஏறினாள். பூ, தோரணம், விளக்கு. எல்லாம் முடிந்தபின் தலைவர் ஒரு பிளாஸ்டிக் பேனரோடு வந்தார். அதில் அவரே, கைகூப்பி. முகம் முறம் அளவு. கட்டிய இடம்? காற்று நுழையும் கிரில்லை மூடி.

"தலைவரே, காத்து போவாது. கொஞ்சம் மேல கட்டலாமே."

"மேல அம்மா இருக்காங்க. அம்மாவுக்கு மேலயா நானு?"

அடக்கம்! நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. லோரி நகர்ந்தது. காற்றாடி உறிஞ்ச உறிஞ்ச, பேனரில் தலைவரின் கன்னம் குழிந்துகொண்டே போனதாம், புளிப்பு மிட்டாய் தின்பவர் போல. முன்னால் நடந்த குணா சொன்னது. முள் ஏறியது. கடைத்தெரு வரும்போது சிவப்பை முத்தமிடப் போனது. தலைவரோ மேலே, அம்மன் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

குணாவைக் கூப்பிட்டேன். "அறுடா."

"எத மச்சான்?"

"மூஞ்சிய!"

வட்டமாக அறுத்தான். முள் நின்றது. யோசித்தது. இறங்கியது. முன்னால் ஆரத்தியோடு நின்ற பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சனம் மகிழ்கிறது என்று மேலிருந்து தலைவர் இன்னும் பெரிதாகக் கும்பிட்டார்.

கோயில் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகப் பேனரைச் சுருட்டினோம். தலைவர் இறங்கி வந்து தோளைத் தட்டினார். "பொகையவே இல்ல வேலு! அடுத்த வருஷமும் ஒன் லோரிதான்." எல்லார் முன்னாலும். சரோஜா பக்கத்தில் நின்று, "எங்க வீட்டுக்காரருதான் பூட்டுனாரு" என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

இன்று காலை தலைவர் போன் செய்தார். பேனரைத் துடைத்துக் கொண்டுவர வேண்டுமாம். கோயில் மண்டபத்தில் மாட்டப் போகிறாராம். வெள்ளிக்கிழமைக்குள்.

முகம் லோரி சீட்டுக்கு அடியில் மடிந்து கிடந்தது. எடுத்து வந்து சரோஜாவிடம் நீட்டினேன். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"தச்சிறலாம். மூக்குதான் கொஞ்சம் கோணலா வரும்."