கடைசி வாங்குவரை கேட்கும் குரல்

22 நவம்பர், திங்கள்

விடியவே மழை. சப்பாத்து நனைந்தது. கொரோனாவுக்கு மூடிய பாடசாலைக்கு ஆறிலிருந்து ஒன்பதுவரை வகுப்புகள் இன்று திரும்பின. வெள்ளவத்தையில் மட்டக்குளி பஸ் ஏறினால் கொட்டாஞ்சேனையில் பாடசாலைக்குக் கிட்டவே இறக்கிவிடும். அந்த ஒரு வசதிக்காகவே பதினொரு வருடமாக இடமாற்றம் கேட்காமல் இருக்கிறேன். கண்டக்டர் தன் மாஸ்க்கை மூக்குக்குக் கீழே விட்டுக்கொண்டு எல்லோரையும் பார்த்து, "மாஸ்க் எக ஹரியட்ட தாகன்ன" என்றான். சரியாகப் போடட்டாம்.

வாசலில் காய்ச்சல் பார்க்கிற கருவி. நெற்றிக்கு நேரே நீட்டினால் சின்னப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். எனக்கு 33.8 காட்டியது. அந்தக் கணக்குப்படி நான் உயிரோடு இல்லை.

8பி. முப்பத்து நான்கு பேர். எல்லோரும் வளர்ந்துவிட்டார்கள். கண்ணை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியவில்லை; தர்ஷினியைப் பிரியா என்றேன். பின்னம் தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை, "கேக்கல சேர்."

இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் யாரும் சொல்லாத சொல். என் குரல் மூன்று வகுப்புத் தாண்டும் என்று பெயர். மாஸ்க்கை நாடிக்கு இறக்கினேன். கேட்டது. பாடம் முடிந்ததும் ஏற்றிக்கொண்டேன்.

இரவு தொண்டை நோ. மனைவி வதனி கொத்தமல்லித் தண்ணி அவித்துத் தந்தாள். அவளுக்கு டயலிசிஸ் தொடங்கியதிலிருந்து நாள் முழுவதற்கும் அளந்த தண்ணீர், ஒரே போத்தல். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னது ஒரே வசனம்: "இவவுக்கு இது வரக்கூடாது." பாடசாலையில் யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் பாவம் பார்ப்பார்கள். வேண்டாம்.

23 நவம்பர், செவ்வாய்

வதனிக்கு ஆஸ்பத்திரி நாள் (செவ்வாய், வெள்ளி). காலையில் அவள் தங்கை சுமதி கூட்டிப் போனாள், பின்னேரம் நான் கூட்டி வந்தேன்.

இடையில் ஆசிரியர் கூட்டம். காலையில் விறாந்தையில் எல்லோரும் வாய் கிழியப் பேசினார்கள். "எங்கட வீட்டிலயும் வயசானதுகள் இருக்குதானே." "ரெண்டு ஊசியும் போட்டாச்சு, இனி என்ன பயம்?" "பயமில்லை. ஆனா பயம்." கூட்டத்தில் அதிபர், "யாருக்காவது ஏதும் சொல்ல இருக்கா?" என்றதும் எல்லோருக்கும் மேசையில் ஏதோ பார்க்கக் கிடைத்தது. எனக்கும்.

எழும்பியது ஜெசிந்தா டீச்சர். (எழுதக் கை நோகிறது. இனி ஜெ.) விஞ்ஞானம் படிப்பிக்கிறார், ஹெந்தளையிலிருந்து வருகிறார். ஆறு வருடமாக என் மேசைக்கு எதிர் மேசை. குரல் மிகவும் சின்னது. பக்கத்தில் இருந்து தேங்காய் விலை சொன்னாலே இரண்டு தரம் கேட்க வேண்டும். கையில் கொப்பித்தாள். வாசித்தார்:

8பி யன்னல்கள் ஆணி அடித்து மூடிக் கிடக்கின்றன.
ஒரு மாடிக்கு ஒரு குழாய்; அதிலும் சவர்க்காரம் இல்லை.
மழையில் நனைந்த மாஸ்க்கோடு பிள்ளைகள் நாள் முழுக்க இருக்கிறார்கள்.
இடைவேளையில் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு மேசையில் மாஸ்க் இல்லாமல் சாப்பிடுகிறோம்.
பேசுவதற்காக மாஸ்க்கை இறக்கும் ஆசிரியர்கள்.

கடைசி வரியில் பெயர் இல்லை. ஆனாலும் எனக்குக் காது சுட்டது. ஒழுக்கத்துக்குப் பொறுப்பாசிரியர் நான். பிள்ளைகளின் நகம், தலைமயிர் எல்லாம் பார்க்கிற ஆள். விட முடியுமா?

"டீச்சருக்கு என்ன," என்றேன். "மாஸ்க் போட்டாலும் ஒண்டும் கேக்காது, போடாட்டிலும் கேக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கண்ணில் தெரிந்தது.

"ஓம் சேர்," என்றார். "அதான் எனக்குக் கஷ்டம் இல்ல. உங்களுக்குத்தான் கஷ்டம்."

யன்னலைத் திறக்க வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டும் என்றார் அதிபர்.

"ஆணி அடிக்கிற நேரம் யாரு மிஸ் எழுதிக் கேட்டது?"

அவ்வளவு மெதுவாக ஒருவர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதிபர் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

24 நவம்பர், புதன்

பால்மா எங்கும் இல்லை. பிளேன்டீ.

இரண்டு மணிக்குப் பிறகு 8பியில் சத்தம். போய்ப் பார்த்தால் ஜெ., கதிரையில் ஏறி நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணி பிடுங்குகிறார். சுத்தியல் கைப்பையில் வந்ததாம். ஹெந்தளையிலிருந்து, பஸ்ஸில், சோற்றுப் பார்சலோடு.

கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தேன். பிறகு கதிரையைப் பிடித்தேன். பதினாறு ஆணி. கடைசி யன்னல் திறந்ததும் துறைமுகத்துக் காற்று உள்ளே வந்து கரும்பலகைத் தூசு எல்லாவற்றையும் என் முகத்தில் போட்டது. "மாஸ்க் போட்டிருந்தா வாய்க்குள்ள போயிருக்காது, சேர்," என்றார். அப்போதுதான் பார்த்தேன், என்னுடையது நாடியில் இருந்தது. பேசாமலே.

25 நவம்பர், வியாழன்

யன்னல் திறந்தாயிற்று. இப்போது கொள்கலன் லொறிகளின் சத்தம் நேரே வகுப்புக்குள். அதனால் இன்னும் கத்தினேன். கத்துவதற்காக இன்னும் இறக்கினேன். முன் வாங்குப் பிள்ளைகளுக்கு என் எச்சில் பட்டிருக்கும். தர்ஷினி ஒரு தரம் கன்னத்தைத் துடைத்தாள்; பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

மின்கட்டணம். குடைக்குக் கம்பி. வதனியின் மாத்திரை (வெள்ளை) முடிகிறது.

26 நவம்பர், வெள்ளி

மூன்றாம் பாடம் எனக்கு ஓய்வு. 8பியைக் கடந்து போனேன். ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகளை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப் போய்விட்டார் ஆக்கும் என்று எட்டிப் பார்த்தேன்.

முப்பத்து நான்கு பேரும் இருக்கிறார்கள். தலை குனிந்து எழுதுகிறார்கள். ஜெ. வாங்குகளுக்கு நடுவே நடக்கிறார், மாஸ்க் மூக்குக்கு மேலே. கரும்பலகையில் படமும் மூன்று கேள்வியும். கையில் சிவப்பு, பச்சை மட்டைகள். சிவப்பைத் தூக்கினால் எல்லோரும் நிமிர்கிறார்கள். பேசுகிறார், அதே சின்னக் குரல். லொறி போனால் நிறுத்தி, போன பிறகு தொடர்கிறார். பிள்ளைகள் கேட்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

மூலையில் ஒரு பிஸ்கட் டின். நனைந்து வருகிற பிள்ளைகளுக்கு அதற்குள் காய்ந்த மாஸ்க். ஆய்வுகூட இடுக்கியால் எடுத்துக் கொடுக்கிறார். ஈர மாஸ்க்குகள் நூலில் தொங்குகின்றன, பெயர் எழுதி.

இந்தக் குரலை வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பிக்கிறார் என்று ஆறு வருடமாகப் பகிடி பண்ணியவன் நான். விறாந்தையில் நின்று வெட்கப்பட்டேன். உள்ளே போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். மணி அடித்துவிட்டது. அடுத்த பாடம் அதே வகுப்பு, நான். இறக்கினேன். பழக்கம்.

29 நவம்பர், திங்கள்

தர்ஷினிக்குப் பொசிட்டிவ். சனிக்கிழமையே காய்ச்சலாம்.

பதினொரு மணிக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். இளம் பெடியன், சிங்களவர், திக்கித் திக்கித் தமிழ். 8பி வாசலில் நின்று பெயர்கள் எழுதினார். மாஸ்க்கோடு தள்ளி இருந்தவர்களுக்கு ஒரு மாதிரி, மாஸ்க் இல்லாமல் கிட்ட நின்றவர்களுக்கு வேறு மாதிரி. கிட்ட நின்றவர் பதினான்கு நாள் தனிமை.

"சேர் மாஸ்க் போட்டதா?" என்று பிள்ளைகளைக் கேட்டார். என்னை அல்ல.

"ஓம்," என்றாள் வகுப்புத் தலைவி. "சேர் மாஸ்க் போட்டுத்தான் படிப்பிச்சாரு."

இன்னும் ஐந்தாறு தலைகள் ஆடின. ஒரு பிள்ளையும் காட்டிக் கொடுக்கவில்லை. நான் நகம் பார்த்து முழங்காலில் வைத்த பிள்ளைகள்.

எவ்வளவு சுகம். ஒரு வார்த்தையும் நான் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம். வதனி கொத்தமல்லி அவித்து வைத்திருப்பாள்.

ஜெ. பக்கத்தில் நின்றார். சுகாதாரக் குழு அவர் பொறுப்பு. என்னைப் பார்க்கவில்லை, குனிந்து தன் பட்டியலையே பார்த்தார். நிமிர்ந்து பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், பொய்யும் சொல்லியிருப்பேன்.

"இல்லை," என்றேன். "நான் கழட்டினனான். ஒவ்வொரு பாடமும். அந்தப் பிள்ளைக்கு முன்னால நிண்டு."

அதிபர் தலையில் கை வைத்தார். பெடியன் எழுதினான். "தேங்க்யூ சேர்," என்றான், ஏனோ.

பிறகுதான் யோசித்தேன். எங்கே போவது? வீட்டுக்கா? விறாந்தையில் ஜெ.யிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வதனி, கிட்னி, டாக்டரின் வசனம். அவர் என்னைத் திட்டவில்லை. பாவமும் பார்க்கவில்லை.

"ஏன் சேர் முந்தியே சொல்லல்ல?"

"சொன்னா என்ன செய்திருப்பியள்?"

"யன்னல யாரையும் கேக்காம முதல் நாளே திறந்திருப்பேன்."

அவருடைய அண்ணனின் பின் அறை, ஹெந்தளையில், சும்மா கிடக்கிறதாம். அண்ணன் கட்டாரில். தன் சாவிக் கொத்திலிருந்து அறைத் திறப்பைக் கழற்றித் தந்தார். பரிசோதகர் சம்மதித்தார். வீட்டுக்குப் போகாமலே வந்துவிட்டேன். மாற்றிக் கட்டச் சாரம் இல்லை, சவரக் கத்தி இல்லை. இந்தக் கொப்பி மட்டும் பையில்.

வதனிக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "நாளைக்கு ஆஸ்பத்திரியில சொல்லட்டோ?" என்றாள். சொல்லு என்றேன்.

30 நவம்பர், செவ்வாய்

அவளைத் தனி அறையில் வைத்து டயலிசிஸ். பரிசோதனைக்கு எடுத்தார்கள். முடிவு இரண்டு மூன்று நாளில்.

இங்கே கடல் சத்தம். கேற்றில் பை தொங்கியது: சோறு, பருப்பு, மீன் குழம்பு, சாரம் ஒன்று, சவர்க்காரம். தாளில், "சேர், தட்டு கழுவ வேணாம், அப்படியே வைங்க."

1 டிசம்பர், புதன்

ஜெ. அனுப்பிய கறியில் ஒரு ருசியும் இல்லை. படிப்பிப்பு நல்லது, சமையல்தான் சரியில்லை என்று நினைத்தேன். ஊறுகாயும் ருசிக்கவில்லை. சவர்க்காரத்தை மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

உடம்பு நோ. 38.4.

3 டிசம்பர், வெள்ளி

நேற்று இங்கே வந்து பரிசோதனைக்கு எடுத்தார்கள்; எனக்குப் பொசிட்டிவ். வதனிக்கு நெகட்டிவ். ஆனால் அது செவ்வாய் எடுத்தது. அடுத்த செவ்வாய் இன்னொரு தரம் எடுப்பார்களாம். அதற்குப் பிறகுதான் நிச்சயம்.

வெள்ளவத்தை வீட்டில் ஒரே குளியலறை. ஒரே கட்டில். திங்கள் பின்னேரம் பிள்ளைகளின் பொய்யோடு பஸ் ஏறியிருந்தால்? இதையே இருபது தரம் நினைத்துவிட்டேன்.

இன்று பையில் மீன் இல்லை. பூசணிக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம். வெள்ளியில் நான் மச்சம் சாப்பிடுவதில்லை. யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. ஆறு வருடம் எதிர் மேசையில் இருந்து ஜெ. கண்டிருக்கிறார். நான் அவரைப் பற்றி என்ன கண்டேன்? குரல் சின்னது என்று.

ருசி தெரியாமலே முழுவதையும் சாப்பிட்டேன்.

8 டிசம்பர், புதன்

காய்ச்சல் விட்டு மூன்று நாள். ஆறு மணிக்கு எழும்பிப் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பத்தேகாலுக்கு வதனி.

"இல்லையாம்," என்றாள்.

"என்ன இல்லையாம்? வடிவாச் சொல்லு."

"எனக்கு ஒண்டும் இல்லையாம். சுமதிக்கும் இல்லையாம்."

அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம், அழுதேன்.

தர்ஷினியும் சுகமாம். ஜெ. செய்தி அனுப்பினார். ஆசிரியர் மேசையைப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் சாப்பிடுகிறார்களாம், சவர்க்காரம் வந்துவிட்டதாம்.

16 டிசம்பர், வியாழன்

மழை இல்லை. நேற்று வீடு. இன்று பாடசாலை.

8பி. மாஸ்க்கை ஏற்றி, மூக்குக் கம்பியை அழுத்தினேன். கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினேன். குரல் இன்னும் முழுதாக வரவில்லை, கத்தவும் முடியாது. ஆகவே நடந்தேன். கரும்பலகையிலிருந்து கடைசி வாங்குக்கு எட்டுக் காலடி. இருபத்தெட்டு வருடத்தில் பரீட்சை நாள் தவிர அங்கே போனதில்லை. போக என்ன தேவை, குரல் போனதே.

கடைசி வாங்கில் நிலானி. முத்து முத்தான எழுத்து. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். கொப்பியைப் பின்பக்கம் புரட்டினேன். எல்லாப் பின்னமும் அப்படித்தான்: மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே. பக்கத்தில் 'சரி' போட்டிருந்தது. விடைகளை நான் சத்தமாகச் சொல்ல, பக்கத்துப் பிள்ளையோடு கொப்பி மாற்றித் திருத்துவது என் வழக்கம். இரண்டு சிநேகிதிகள், ஒருவருக்கொருவர் சரி. ஆண்டு ஏழிலும் இவளுக்கு நான்தான்.

"இது விளங்காட்டில் ஏனம்மா கேக்கேல்லை?"

"நீங்க தூரத்துல இருந்தீங்க, சேர்."

பக்கத்தில் இருந்து ஒரு பேக்கரிப் பாணை வரைந்து வெட்டிக் காட்டினேன். மெதுவாகத்தான் சொன்னேன். மூன்றாவது கணக்கைத் தானே செய்தாள், சரியாக.

வெளியே வந்தபோது ஜெ. அடுத்த பாடத்துக்கு நின்றார், பிஸ்கட் டின்னோடு. ஏதாவது பெரிதாகச் சொல்ல நினைத்தேன். "டீச்சர், அந்த மட்டையில ஒரு சோடி எனக்கும் வெட்டித் தருவியளோ?" என்றேன். "என்ன சேர்? கேக்கல," என்றார். திரும்பச் சொன்னேன். அவர் கண்ணைப் பார்த்தால் முதல் தரமே கேட்டிருக்கும் போல.

இரவு வதனி கொத்தமல்லித் தண்ணியோடு வந்தாள்.

"தொண்டை நோகுதோ?"

"இல்லை."

"அப்ப இண்டைக்குப் படிப்பிக்கேல்லையோ?"

"இண்டைக்குத்தான் படிப்பிச்சனான்."

நாளை வெள்ளி. ஆஸ்பத்திரி. அரை நாள் லீவு, காரணம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நானே கூட்டிப் போகிறேன்.