ஷப்ரீன் சொல்லிக் குடுத்த பாலாடை

உத்திரமேரூர்

அன்பு மகள் ஃபர்ஹானாவுக்கு அம்மா எழுதிக்கிறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில நாங்க இங்க நல்லா கீறோம், குவைத்துல நீயும் மாப்பிள்ளையும் கொழந்தையும் அப்படியே இருக்கணும்னு துஆ கேட்டுக்கினு கீறேன். அத்தாவுக்கு மூட்டு வலி கொறஞ்சு கடைக்குப் போறாரு. போன்ல பேசினா உன் தங்கச்சி ஷப்ரீன் காதுல விழும், அதான் லீவு முடிஞ்சு அங்க திரும்பற பக்கத்து வூட்டு ஜாசிம் கிட்ட இதைக் குடுத்தனுப்பறேன்.

ஷப்ரீனைப் பொண்ணு பாக்க வாலாஜாபாத்துலருந்து வந்தாங்கன்னு சொன்னேன் இல்ல, அன்னிக்கு அவளே பழமும் பாலாடையும் செஞ்சா. எருமைப்பால் காய்ச்சறப்பல்லாம் ஆடையை எடுத்து ஃபிரிஜ்ஜில சேத்து வெச்சு, சக்கரையும் ஏலக்காயும் போட்டு அடிச்சு, வாழைப்பழமும் சப்போட்டாவும் நறுக்கிக் கலந்து குடுத்தா. அந்தப் பையனோட அம்மா ரெண்டு கிண்ணம் சாப்ட்டுட்டு, இது எப்படிம்மா செஞ்சேன்னு அவளைப் பக்கத்துல உக்கார வெச்சுக் கேட்டாங்க. பழத்தை முன்னாடியே நறுக்கிடாதீங்க மாமி, கறுத்துடும், குடுக்கற நேரத்துல நறுக்குங்கன்னு இவளும் பொறுமையா சொல்லிக் குடுத்தா. அவ வாயில மாமின்னு வந்தப்போ எனக்கு மனசு குளுந்துபோச்சு. அந்த வாரமே பொண்ணு நெறம் கம்மின்னு சொல்லிட்டாங்க, அதையும் எங்க கிட்ட இல்ல, சம்பந்தம் கொண்டாந்த உன் மஹபூப் பாஷா மாமா கிட்ட.

போன ஞாயித்துக்கெழம அந்தப் பையனுக்கு வேற எடத்துல நிச்சயம். பத்திரிகை வெச்சிட்டாங்கன்னு மாமா போயிட்டு வந்தாரு. விருந்துல அதே பழமும் பாலாடையுமாம், எங்க வூட்டுப் பழைய பக்குவம்னு அந்தம்மா ஒவ்வொருத்தர் கிட்டயா சொல்லிக்கினு போச்சாம். மாமா ஷப்ரீனை வெச்சுக்கினே இதைச் சொல்லிட்டாரு. அவ துணி மடிச்சுக்கினே, வாழைப்பழம் கறுக்காம இருந்துதா மாமான்னு கேட்டா. நல்லா வெள்ளையாதான் இருந்துதும்மான்னாரு. அப்போ நான் சொன்ன மாதிரிதான் செஞ்சிருக்காங்கன்னுட்டு உள்ள போய்ட்டா.

அழுதிருந்தா நானும் கூட உக்காந்து அழுதிருப்பேன். இப்போ பால் காய்ச்சினா ஆடையை எடுத்துப் பூனைக்குப் போட்டுடறா. மாமா வேற எடம் ஒண்ணு சொல்றாரு. வரட்டும், வர்றவங்களுக்குக் கடை பிஸ்கட் வாங்கி வைங்கம்மான்னு சொல்லிட்டா.

நீ போன் பண்ணா இதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டுடாதே. கொழந்தைக்குத் தடுப்பூசி தள்ளிப் போடாதே. உன் வூட்டுல பரக்கத் கொறையாம இருக்கணும், தங்கச்சிக்கும் சேத்து தொழுகையில கேளு.

உன் நெனப்பாவே கீற அம்மா,
சுரையா