மடிக்கணினியை அழித்துவிட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இந்தக் குளிரிலும் கடற்பாசி அறுக்கப் படகேறுகிறாரா? நான் நலம். கோபமாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

என் சொந்த மடிக்கணினியில் அலுவலகம் ஒரு வேவு மென்பொருளைப் போட வைத்திருந்தது. அது திரையைப் படமெடுத்துக்கொண்டே இருக்கும். நான் உங்களுக்கு அனுப்பிய செய்தியை எங்கள் குழுத் தலைவர், மா என்பவர், அதில் பார்த்துத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் உரக்க வாசித்தார். "நம்ம சோல்பிக்குக் கிம்ச்சி தீந்துபோச்சாம், அம்மாகிட்ட அழுவுறா!" எல்லோரும் சிரித்தார்கள். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றே மடிக்கணினியில் இருந்த விண்டோஸை அடியோடு அழித்துவிட்டு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டேன். அதில் அந்த மென்பொருள் ஓடாது. மா என்னைக் கூப்பிட்டார்.

"என்ன, விளையாடுறியா? பழையபடி மாத்து."

"இது என் கம்ப்யூட்டர், தலைவரே. வேவு பாக்கணும்னா ஆபீஸ் கம்ப்யூட்டர் குடுங்க."

"உன் வேலைய நிரந்தரம் பண்றதா வேணாமான்னு நான்தான் எழுதணும், தெரியும்ல?"

"தெரியும். எழுதுங்க."

வேலை போனாலும் மாற்ற மாட்டேன்.

ஆத்திரத்தில் எதையும் நகலெடுக்காமல் அழித்ததில் நம் வீட்டுப் படங்களும் போய்விட்டன. நீங்களும் அப்பாவும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று அனுப்புங்கள். அலுவலக முகவரிக்கு வேண்டாம், என் அறை முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள். இடைவேளை முடிகிறது, நிறுத்துகிறேன். படம் அனுப்பும் பெட்டியில் நீங்கள் காரம் போட்டு ஊறவைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சியும் வையுங்கள். அது உண்மையிலேயே தீர்ந்துவிட்டது.

உங்கள் மகள்
சோல்பி