நேபாளத்தில் சொன்ன பெயர்

முத்துமாரி துணை

கொட்டகலை

அன்புள்ள மகன் கஜேந்திரனுக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கச்சியும் இங்கே நல்ல சுகம். கட்டாரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று சேதி வந்தால் அதுவே எங்களுக்குப் பாதி வயிறு நிறைந்த மாதிரி. தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சரிம்மா சரிம்மா என்று அவசரப்படுகிறாய், இல்லாவிட்டால் லைன் வெட்டிவிடுகிறது. இது வெட்டி வெட்டிச் சொல்கிற விஷயம் இல்லை. நம்ம லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற ஜோசப்பினின் மகன் ஜெரோமி லீவு முடிந்து அங்கேதான் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கிருஷாந்தியை எழுதச் சொல்லவில்லை. உன் தங்கச்சி டீச்சர் ஆனதிலிருந்து நான் ஒன்று சொன்னால் அழகுக்கு இரண்டு கூட்டி எழுதுகிறாள். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வேலையில்லாத நாளில் நிதானமாகப் படி.

முதலில் ஊர்ச் சேதி. மழை இந்தத் தடவை பரவாயில்லை, கொழுந்தும் இருக்கிறது, அட்டையும் இருக்கிறது. செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. இதை உன்னிடம் போனில் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த மாட்டை வித்துடுங்கம்மா, அதப் பாத்தா எனக்கு வயிறு எரியுது என்று நீ சொன்னவன். எனக்கும் எரியாமல் இல்லை. மண் சரிந்து மலை இறங்கிய அன்று கீழே பணிய லயத்துச் சனம் எல்லாம் கோயிலுக்கு ஓடி வந்துவிட்டது, உன் அப்பாவும்தான் வந்து நின்றார். மாட்ட அவுத்து வுட்டுட்டு வந்துர்றேன் என்று சொல்லித் திரும்பிப் போனார். மாடு வந்தது. ஆர்மிக்காரர்கள் தோண்டினார்கள், இதற்கு மேல் தோண்டினால் மேலே நிற்கிற மண்ணும் இறங்கும் என்று பிறகு நிறுத்திவிட்டார்கள். உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனால் மாடு என்ன செய்யும் மகன், அவர் உயிரைக் கொடுத்து அவிழ்த்துவிட்டதை நான் எப்படி இன்னொருவன் கையில் பிடித்துக் கொடுப்பேன்.

உயிரைக் கொடுத்து என்று எழுதிவிட்டேன் பார். போன வருஷம் வரைக்கும் இப்படி ஒரு சொல்லை யார் சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன். மண்ணுக்குள்ளே போனதை யார் கண்டது, அந்தப் பக்கமாக ஓடியிருக்கலாம், தலையில் அடிபட்டு நினைவு தப்பிக் கந்தப்பளைப் பக்கம் எங்கேயாவது இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கினிகத்தேனையில் ஒரு கடை வாசலில் அவரைப் போல ஒருவர் நிற்கிறார் என்று யாரோ சொன்னதும் ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். அது யாரோ ஒரு சிங்கள ஐயா. பார்த்துவிட்டுச் சும்மா திரும்ப மனசு வராமல் அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீ கருமாதி செய்துவிடுவோம், அப்பாவை இப்படி அந்தரத்தில் விடக் கூடாது என்று சொன்ன போதெல்லாம், உடம்பைக் காட்டு செய்கிறேன் என்று உன் வாயை அடைத்தேன். கடைசியாக அந்தப் பேச்சு வந்தபோது நீ கோபத்தில் போனை வைத்துவிட்டுப் பல நாள் எடுக்கவே இல்லை. அந்தச் சமயத்தில்தான் நாங்கள் நேபாளம் போனோம்.

எங்கள் நாடகக் குழுவைப் பற்றி உனக்கு எப்போதும் ஒரு இளக்காரம், அம்மா வயசு போன காலத்தில் தப்பு அடிக்கப் போகிறாள் என்று. ஹட்டனில் இருக்கிற பிரியந்தி பிள்ளைதான் எங்களை நடத்துகிறது. நேபாளத்தில் இலாம் என்று ஒரு தேயிலை மலை, அங்கேயும் கொழுந்து பறிக்கிற பொம்பளைகள் எங்களைப் போலக் குழு வைத்து வாசல் வாசலாக நாடகம் போடுகிறார்கள். அவர்கள்தான் கூப்பிட்டார்கள், நீங்கள் செய்வதை எங்களுக்குக் காட்டுங்கள், நாங்கள் செய்வதை நீங்கள் பாருங்கள் என்று. பிளேன் எழும்பியபோது ஜோசப்பின் ஜெபமாலையை ஒரு கையிலும் என் கையை மறு கையிலும் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது. அங்கே இறங்கிப் பார்த்தால் அதே மலை, கவ்வாத்து வெட்டிப் போட்ட அதே தேயிலை மிலாறு, கூடைக் கயிறு தலையில் விழுகிற இடமும் அதே இடம். கழிவு மாவுத் தேயிலைத் தூளைக் குடிக்கிற நமக்கு அவர்கள் நல்ல இலைத் தேநீர் கொடுத்தார்கள், அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அவர்கள் நாடகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பாதியில் நிறுத்திவிட்டுப் பார்க்கிறவர்களையே எழுந்து வரச் சொல்வார்கள், நீயாக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வாய், செய்து காட்டு என்று. நாங்கள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் வட்டமாக நின்று ஆடி முடித்துக் கும்பிடு போட்டுவிட்டு வருகிறவர்கள், எங்களுக்கு அது புதிது. அந்தக் குழுவில் பிஷ்ணுமாயா என்று என் வயசுப் பொம்பளை. புருஷனை வெள்ளத்தில் ஆறு கொண்டு போயிருக்கிறது, உடம்பு கிடைக்கவில்லை. அவள் அந்த ஆற்றங்கரைப் புல்லையே அறுத்து, ஆள் மாதிரிக் கட்டி, மகன் கையால் கொள்ளி வைத்துக் காரியம் முடித்தாளாம். அவள் சொன்னதை அவர்கள் ஆள் ஒருவர் இங்கிலீஷில் சொல்ல, பிரியந்தி அதைத் தமிழில் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. புல்லுக்குக் கொள்ளி வைத்தால் மனுஷன் போய்விடுவானா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மறுநாள் எங்கள் மண்சரிவு நாடகம். அதில் பெண்சாதி ஒப்பாரி வைக்கிற இடம் ஜோசப்பினுடையது. அங்கத்தைய குளிருக்கு அவள் தொண்டை கட்டி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் குரல் வந்தது. நீங்க பாடுங்கக்கா என்று பிரியந்தி என் கையைப் பிடித்துக் கேட்டாள். ஒப்பாரிக்கு எங்களிடம் ஒரு கட்டு இருக்கிறது. சாவு இல்லாத வீட்டில் அதைப் பாடமாட்டோம், வெளியில்தான் பழகுவோம். பிரேதத்துக்குப் பதிலாகக் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைப்போம், ராசாவே என்று மட்டும்தான் அழுவோம், உயிரோடு இருக்கிற யார் பெயரும் வாயில் வரக் கூடாது, முடிந்ததும் கை கால் கழுவாமல் வீட்டுப் படி ஏறமாட்டோம். எனக்கு என்ன பயம் என்று நினைத்தேன். கட்டின நாளிலிருந்து உன் அப்பா பெயரை நான் சொன்னதே இல்லையே. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் ஆத்தா சொல்லி அனுப்பினது. மலை சரிந்த பிறகு பொலிஸில் பெயர் கேட்டபோதுகூட உன் தங்கச்சியைத்தான் சொல்ல வைத்தேன்.

பாடத் தொடங்கினேன். நெஞ்சில் அடித்துக்கொண்டு ராசாவே ராசாவே என்று மூன்று அடி ஒழுங்காகத்தான் வந்தது. பிறகு பார்த்தால் அவர் பெயரைக் கூப்பிடுகிறேன். ஒரு தடவை இல்லை மகன், மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரித் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஜோசப்பினின் கை தப்பின் மேலேயே நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் ஒருவரும் அசையவில்லை, அது யார் பெயர் என்று அவர்களுக்குத் தெரியும். அப்போது பிஷ்ணுமாயா அவர்கள் பழக்கப்படி எழுந்து வட்டத்துக்குள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, அர்த்தம் தெரியாமல் அந்தப் பெயரை என்னோடு சேர்ந்து கூப்பிட்டாள். அவள் கூப்பிட, அவர்கள் பொம்பளைகள் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவர் ஜென்மத்தில் கண்டிராத ஊரில், அவர் பாஷை தெரியாத சனம் அவருக்கு அழுதது. நான் கை கால் கழுவப் போகவில்லை. கழுவுவதற்கு அது நாடகம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உயிரோடு இருப்பவர் பெயரை நான் சொல்லமாட்டேன் மகன். சொல்லிவிட்டேன் என்றால் அவர் இல்லை. உன் அப்பா செத்துப் போனார். இதை உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும், எங்கேயோ இருக்கிற நேபாளத்துச் சனத்துக்கு முதலில் சொல்லிவிட்டேன், மனசில் வைக்காதே.

விடிந்ததும் நானே பிரியந்தியைக் கூட்டிக்கொண்டு பிஷ்ணுமாயாவிடம் போய் அந்தப் புல் உருவத்தை எப்படிக் கட்டினாய் என்று கேட்டேன். அவள் ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, தலை எப்படி, தோள் எப்படி, எங்கே முடிச்சு என்று கட்டிக் காட்டினாள். போன பயணத்தில் நான் கற்றுக்கொண்டு வந்தது இதுதான். ஊருக்கு வந்து நம்ம கோயில் பூசாரியிடம் கேட்டேன். தர்ப்பைதான் வழக்கம், ஆனா அவரு கெடக்குற மண்ணுல மொளைச்சதும் புல்லுதானே, முத்துமாரி ஆத்தா கோவிச்சுக்க மாட்டா என்றார்.

ஆகையால் நீ லீவு போட்டு வா. அவசரமாக ஓடி வராதே, வேலைக்குப் பங்கம் இல்லாமல் கேட்டு வாங்கிக்கொண்டு வா. சாமான் ஒன்றும் வேண்டாம். தாலியைக் காரியம் முடிந்த அன்று நானே கழற்றி உன் கையில் தருகிறேன். பொட்டை எடுக்கச் சொல்லிச் சொந்தக்காரர் ஒருவரும் வர வேண்டாம், அது அவருக்கு முன்னாலேயே என் நெற்றிக்கு வந்தது. சரிந்த இடத்தில் இப்போது மானாப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. எத்தனை நாள் செவலை பசியில் கத்தியும் அதில் ஒரு பிடி நான் அறுத்ததில்லை, அறுக்க வந்தவர்களையும் விட்டதில்லை. அவர் மேல் யாரோ கத்தி வைக்கிற மாதிரி இருக்கும். இனி நீ வந்து அறு. அது கையைக் கிழிக்கும், துணி சுற்றிக்கொண்டு அறு. அவருடைய அரிவாளைத் தீட்டி வைக்கிறேன். கட்டுவது நான், கொள்ளி வைப்பது நீ.

குளிர்சாதன அறையில் வேர்வையோடு போய்ப் படுக்காதே. ஜெரோமியிடம் மிளகாய்த் தூளும் ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன், பகிர்ந்து சாப்பிடு. தங்கச்சி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். முத்துமாரி உன் கூடவே நிற்பாள், நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும். வருகிற தேதியை மட்டும் போனில் சொல்.

இப்படிக்கு
உன் அம்மா,
வீரய்யா மனைவி அம்மாக்கண்ணு